இரட்டிப்பாக வளரும் இடம்

நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளும், வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கலையைப் பற்றி இன்று சொல்கிறேன். வந்துகொண்டே இருக்கும் தகவலுக்குக் கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடித்து வைப்பது? அந்த இடத்துக்குப் பஃபர் என்று பெயர்.

எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்தால் மொத்தமாகக் கேட்டு வாங்கிவிடலாம். பெரும்பாலும் தெரியாது. பஃபர் நிரம்பியதும் பெரிய இடமாகத் தேடி, உள்ளதையெல்லாம் அங்கே நகலெடுக்க வேண்டும். குடும்பத்தில் ஆள் கூடும்போதெல்லாம் சாமான்களைச் சுமந்து வீடு மாற்றுவது போன்ற பாடு அது.

ஒரு கணக்குப் பாருங்கள். பத்து லட்சம் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். நிரம்பும்போதெல்லாம் ஆயிரம் இடம் கூட்டினால், நகலெடுப்பு மட்டும் ஏறக்குறைய 50 கோடி முறை நடக்கும். ஒரே ஓர் இடத்துடன் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினால் பத்தரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். கூட்டலை விட்டுப் பெருக்கலுக்கு மாறியதற்கு இத்தனை பலன்! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

ஆனால் எத்தனை மடங்கு? இங்கேதான் கைவண்ணம் தெரிகிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் வெக்டர் என்ற வளரும் பட்டியலை ஜிசிசி கம்பைலர் இரண்டு மடங்காக வளர்க்கிறது; மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஒன்றரை மடங்காக. ஒன்றரைக்கு ஒரு நல்ல நியாயம் உண்டு. இரட்டிப்பில் 1, 2, 4, 8 என்று விட்டுவந்த பழைய இடங்கள் அத்தனையையும் கூட்டினாலும் 15தான். அடுத்துத் தேவைப்படும் 16 அதில் அடங்காது. எப்போதுமே அடங்காது. ஒன்றரை மடங்கில் சில படிகளுக்குப் பிறகு அடங்கிவிடும்; பழைய இடங்களையே மீண்டும் பயன்படுத்தலாம். பைத்தானின் பட்டியல் இன்னும் சிக்கனம், எட்டில் ஒரு பங்குதான் கூடுதலாகப் பிடிக்கும். ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் எழுத்துச்சரங்களை ஒரு மெகாபைட் வரை இரட்டிக்கும். அதன்பின் ஒவ்வொரு மெகாபைட்டாகத்தான் கூட்டும்.

முன்கூட்டியே இடம் கேட்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் 'இன்னும் ஒன்று போதும்' என்று ரிசர்வ் செய்தால், லைப்ரரி தந்த இரட்டிப்பின் பலன் முழுவதும் பாழ். ஒருமுறை கேளுங்கள், சுற்றுக்கு வெளியே கேளுங்கள்.

இனி மறுபயன்பாடு. பஃபரைக் காலி செய்தாலும் பல லைப்ரரிகள் பிடித்த இடத்தை விடுவதில்லை. அடுத்த வேலைக்கு அப்படியே உதவும். அருமையான ஏற்பாடு. ஆனால் என்றோ ஒருநாள் வந்த பெரிய செய்திக்காக வீங்கிய பஃபர், அதன்பின் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் அந்தப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். கோ மொழியில் உரையை வடிவமைத்துத் தரும் எஃப்எம்டி தொகுப்பு இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மறுபயன்பாட்டுக்கான பொதுச் சேமிப்பில் பஃபரைத் திருப்பி வைக்கும்முன் அதன் கொள்ளளவைப் பார்க்கும். 64 கிலோபைட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பஃபரைத் திருப்பி வைக்காது. அதன் நினைவகம் பின்னர் வேறு வேலைக்குக் கிடைக்கும்.

இரட்டிப்பின் கணிதத்தைவிட, நிரலில் ஓரிரு வரிகளே பிடிக்கும் இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கணிதம் எல்லோருக்கும் பொது. இந்த எல்லையை வைக்க, தன் பஃபர்களில் என்ன அளவில் தகவல் வந்துபோகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும்.