மண்ணில்லாத் தோட்டம்

நுகேகொடையில் காணி பேர்ச் கணக்கிலே விலைபோகின்றது. முற்றமில்லாத வீட்டுக்குத் தோட்டம் ஏது என்று ஏங்குவோர் பலர். அவர்களுக்கு உகந்தது நீர்வழிப் பயிர்முறை.

1929ஆம் ஆண்டிலே கலிபோர்னிய விஞ்ஞானி கெரிக் இதனைப் பயிர்த்தொழிலுக்குரிய வழியாக எடுத்துரைத்தார். செடிக்கு வேண்டுவன உப்புகளும் நீரும் காற்றும் ஒளியுமே, மண் இன்றியமையாததன்று.

ஒளி புகாத பெட்டியில் ஆல்பர்ட் கரைசலை நிரப்பி, தும்பு இட்ட கிண்ணங்களை மூடியிற் பொருத்திச் சலாது நாற்றை நடலாம். வேர் உறிஞ்ச உறிஞ்சக் கரைசலின் மட்டம் தாழும். அவ்விடைவெளியிலேதான் வேர் காற்றைப் பெறும். ஆகவே, மீண்டும் விளிம்புவரை நிரப்புதல் தவறு. மூடியில் இடுக்கு விடுவதும் ஆகாது. உள்ளே நுளம்பு முட்டையிட்டால் டெங்கு வீட்டிலேயே தோன்றிவிடும்.

இதே முறையிற் கஞ்சாவை மறைவாக வளர்க்க எண்ணுவோரும் உளர். சுதேச வைத்தியத்தில் அதற்கு இடமுண்டு. ஆயினும், அனுமதியின்றிப் பயிரிடுதல், அதே 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். அறைக்குள் வளர்ந்த செடி என்பதாற் சட்டம் விலகிச் செல்லாது. ஒருவர் ஆவலின் பயனை வீட்டார் அனைவரும் சுமக்க நேரும். சலாதும் கீரையும் தரும் பெட்டி, அவற்றையே தந்துகொண்டிருக்கட்டும்.