கடல் கடந்து வரும் வழித்துணை

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டின் நினைவாக என்ன செய்யலாம் என்று பங்குப் பேரவை கூடியபோது பல யோசனைகள் வந்தன. புதிய கெபி, கொடிமரம், மண்டபத்துக்குத் தரை என எல்லாம் நல்லவையே. ஒரு யோசனை மட்டும் சலசலப்பை உண்டாக்கிற்று. வெளிநாடுகளில் ஓய்வு பெற்று வாழும் ஆசிரியர்களும் செவிலியர்களும் வாரம் ஒரு முறை கணினித் திரை வழியாக நம் பிள்ளைகளோடு உரையாட ஏற்பாடு செய்தால் என்ன என்பதே அது. "நம் ஊரையே பார்த்திராத வெள்ளைக்காரர் நம் பிள்ளைக்கு என்ன வழி சொல்லப் போகிறார்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "முன்பின் தெரியாதவரோடு பெண் பிள்ளையை எப்படிப் பேச விடுவது, சாமி?" என்று ஒரு தாய் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சு.

முதற்கண் திருவிவிலியத்தைப் பார்ப்போம். திமொத்தேயு என்னும் இளைஞனின் தாய் யூதப் பெண்; தந்தையோ கிரேக்கர். இரு பண்பாடுகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. அவனுக்கு வழிகாட்டியாக வந்தவர் வேற்றூரார், தர்சு நகரத்துச் சின்னப்பர். பக்கத்தில் இருக்க முடியாத காலத்தில் அவர் மடல் வழியாகவே அவனை நடத்தினார். இத்திருமுகங்களை எழுதியது யார் என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது குருமடத்து வகுப்புக்கு உரிய பேச்சு, இங்கு வேண்டாம். அவற்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உயர்ந்த போதனை இருக்கிறது. கூடவே, இளைஞன் என்று எவரும் உன்னைத் தாழ்வாக எண்ண விடாதே என்ற தேறுதல் இருக்கிறது. வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சை இரசம் அருந்து என்ற கைவைத்தியமும் இருக்கிறது. (இந்த வசனத்தை யாரும் என்னிடம் சாக்குச் சொல்ல வேண்டாம்!) துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன் வந்து சேர் என்கிறார். தொலைவில் இருந்தவர்தாம், ஆயினும் பையனின் வயிற்றுவலி வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மடலிலேயே இன்னும் இருவரின் பெயர் வருகிறது: பாட்டி லோயி, தாய் யூனிக்கி. விசுவாசம் முதலில் குடிகொண்டது அவர்களிடம்தான் என்று மடல் சொல்கிறது. வீட்டுக்குள் ஒரு பாட்டி இருந்ததால்தான் வெளியிலிருந்து வந்த சின்னப்பரால் கட்டி எழுப்ப முடிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இத்தகைய துணைக்கு நமது பாகாயமே சாட்சி. வேலூர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் கேரளப் பெண்மணி. 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவத் தொழில் முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். 1946 முதல் வேலூரில் பணிபுரிந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே என்று அவரை ஊக்குவித்தார். அவர் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் இதே பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த நிலையத்தின் வாசலைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் பேருந்துக்குப் போகிறோம். ஓர் ஆங்கிலேயர், ஒரு மலையாளப் பெண்மணி, எழுந்து உட்கார்ந்தவர்களோ நம் தமிழ் ஏழைகள்!

அது நேரில் நின்ற துணை. திரை வழியாக வரும் துணை பலன் தருமா? இதற்கும் தமிழ்ப் பிள்ளைகளே விடை தந்திருக்கிறார்கள்.

சுகதா மித்ரா என்னும் பேராசிரியர் 1999-இல் புதுதில்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் ஒரு கணினியைப் பதித்து வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே அதை இயக்கக் கற்றனர். அடுத்து, காளிக்குப்பம் என்னும் ஊரின் தமிழ்ப் பிள்ளைகளிடம் மரபணுவைப் பற்றிய ஆங்கிலப் பாடங்கள் நிறைந்த கணினியை விட்டுச் சென்றார். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் எவரும் இல்லை. இரண்டரை மாதம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு பெற்றனர். அதற்கு மேல் ஏறவில்லை. அப்போது, பிள்ளைகளோடு பழகிய ஓர் இளம்பெண்ணிடம் உதவி கேட்டார் மித்ரா. அவர் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். அந்த விஞ்ஞானம் அவருக்குத் தெரியாது. "பாட்டியைப் போலப் பின்னால் நின்று, அடடே, எப்படிச் செய்தாய், இன்னொரு முறை காட்டு என்று வியந்தால் போதும்" என்பது அவருக்குச் சொல்லப்பட்ட முறை. மதிப்பெண் ஏறக்குறைய 50-ஐத் தொட்டது. 2010-இல் வெளியான ஆய்வு இது.

இதிலிருந்து பிறந்ததுதான் 'பாட்டிமார் மேகம்' என்ற ஏற்பாடு. 2009-இல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை வழியாக அழைப்பு விடுக்கப்பட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் முன்வந்து, தம் வீட்டிலிருந்தே இந்தியச் சிறுவர்களுக்குக் கதை சொன்னார்கள், கேள்வி கேட்டார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு வியந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. கருவிகள் வரும், போகும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில். இமயமலைச் சாரலில் அல்மோரா பகுதியில் வைக்கப்பட்ட சுவர்க் கணினிகள் கவனிப்பாரின்றிப் போனதைப் பாயல் அரோரா என்ற ஆய்வாளர் 2010-இல் எழுதினார். பெட்டியை வைத்துவிட்டுப் போவது துணை ஆகாது. லோயிப் பாட்டி இல்லாத வீட்டில் சின்னப்பரின் மடல் பிரிக்கப்படாமலே கிடக்கும்.

நிற்க. நமக்கு இது எதற்கு? நம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைத்த காலணி ஐரோப்பாவுக்குப் போகிறது. தைத்த பெண்ணோ அந்த ஊர்க்காரர் எவரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஷூ கம்பெனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தக் கோவிலின் காணிக்கைப் பெட்டியில் அந்த வியர்வையும் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லாமல் கம்பெனிப் பேருந்தில் ஏறினால், அது அவளாகத் தேர்ந்த வேலை அல்ல. பெற்றோர் மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடம் பாராதவர்கள் அவர்கள். "உனக்கு என்ன ஆசை அம்மா?" என்று அவளைப் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். அவர் லண்டனில் இருந்தால் என்ன, லத்தேரியில் இருந்தால் என்ன?

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பிள்ளையும் தன் கைப்பேசியில் தனியே பேசப் போவதில்லை. பேச்சு பங்கு மண்டபத்தில், கதவு திறந்திருக்க, நம் பெரியவர்கள் இருவர் உடனிருக்க நடக்கும். பேச வருபவரை அவருடைய பங்குத்தந்தையின் சான்று பெற்ற பிறகே சேர்ப்போம். முகவரியும் தொலைபேசி எண்ணும் பரிமாறக் கூடாது. பணமோ பரிசோ கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கையேந்தும் உறவாக மாறினால் அன்றே நிறுத்திவிடுவேன். வருகிறவரும் நமக்கு நாகரிகம் கற்பிக்க வருகிறவராக இருக்கலாகாது. தோல் எப்படிப் பதனிடப்படுகிறது, பாலாற்றுத் தண்ணீருக்கு அதனால் என்ன ஆயிற்று என்று நம் பிள்ளைகள் அவருக்குச் சொல்லட்டும், அவரும் கற்கட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாலும் பாதகமில்லை. வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகள் சிலர், தேவைப்பட்டால் நடுவே மொழிபெயர்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணி என்று வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் அப்போது குளிர்காலமானால் முற்பகல் 11.30, கோடையானால் 12.30. முதல் மூன்று மாதத்துக்கு எட்டுப் பிள்ளைகள் மட்டும். அதன் பிறகு பெற்றோரைக் கூட்டி, தொடரலாமா வேண்டாமா என்று அவர்களையே கேட்போம்.

வெளிநாட்டிலிருந்து பேச ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பின்னால் அமர்ந்து பிள்ளைகளைப் பார்த்து வியக்கத்தான் ஆள் போதவில்லை. மரியாயின் சேனையிலிருந்து இரண்டு பாட்டிமார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேராவது வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயரைக் கொடுங்கள்.