தொட்ட காய்
(டிரஸ்ட் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் மண்டல அளவில் நடந்த பெண்கள் சதுரங்கப் போட்டிக்கு நம் மஹல்லா சகோதரி ஒருவரை அனுப்பினோம். இரண்டு பிள்ளைகளின் தாய். "ஜகாத் பணத்தை இதற்கா கொடுத்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஜகாத் அல்ல, பொது நன்கொடைக் கணக்கு. ரசீது அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

மார்க்கத்தில் இது கூடுமா என்ற கேள்வி நியாயமானது. பணம் வைத்து ஆடினால் ஹராம், அதில் இரு கருத்து இல்லை. பந்தயமின்றி, தொழுகை தவறாமல் ஆடினால் ஷாஃபிஈ மத்ஹபில் ஹராம் இல்லை, மக்ரூஹ் என்பார்கள். ஹனஃபி உலமாக்கள் இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சகோதரி நம் இமாமிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பெயர் கொடுத்தார். அங்கே பரிசும் கேடயம்தான், பணம் கிடையாது.

"பிள்ளை பெற்ற பிறகு எதற்கு?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வங்கதேசத்தின் ராணி ஹமீத் 1944-இல் பிறந்தவர். முப்பது வயதைத் தாண்டி, பிள்ளைகளுக்குத் தாயான பிறகே போட்டிகளுக்கு வந்தார். 1983, 1985, 1989 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன். 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தன் நாட்டுக்காக ஆடியபோது வயது 80.

நம் சகோதரி லுஹர் தொழுதுவிட்டுக் கடைசிச் சுற்றில் அமர்ந்தார். எதிரே ஒரு கல்லூரி மாணவி. இரண்டரை மணி நேரம் போனது. சகோதரியின் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே கட்டம். அவசரத்தில் நகர்த்த நினைத்து ராஜாவைத் தொட்டுவிட்டார். நகர்த்தும் எண்ணத்தோடு தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. ராஜா எங்கே நகர்ந்தாலும் சிப்பாய்க்குக் காவல் இல்லை. அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், நடுவரும் வேறு மேசையில். யாரும் பார்க்கவில்லை. சகோதரி ராஜாவையே நகர்த்தினார். தோற்றார்.

அண்ணன்தான் துணைக்கு வந்திருந்தார். பேருந்தில் அவர், "ஏம்மா, பேசாம இருந்திருக்கலாமே?" என்றார். "தொட்டுட்டேனே காக்கா," என்றார் சகோதரி. அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா மாடியில் நம் பெண்மக்களுக்குக் கற்றுத் தரவும் ஒப்புக்கொண்டார். ஐந்து பலகை இருக்கிறது. இன்னும் ஐந்து வேண்டும். தர விரும்புவோர் அலுவலகத்தில் சொல்லுங்கள்.