வளரிளம் பருவக் கல்வி: மௌனம் யாரைக் காக்கிறது?



ஒரு சிறுமி பூப்பெய்தினால் பந்தலிட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊரறிய மஞ்சள் நீராட்டு நடத்துகிற சமூகம் இது. அதே சிறுமியின் வகுப்பறையில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கம் புரட்டப்படுகிறது. அவள் உடலில் நிகழ்வதை ஊருக்கு அறிவிக்கலாம். அவளுக்கு விளக்கக் கூடாது! பெண்ணுடலைக் குடும்பத்தின், சாதியின் சொத்தாகக் கருதும் நிலவுடைமைச் சிந்தனையே இம்முரணின் வேர்.

2007இல் ஒன்றிய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தின. பண்பாடு கெடும் என்பதே அன்று வைக்கப்பட்ட வாதம். ஆனால் யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தொகுத்த ஆய்வுகள், இக்கல்வி இளையோரிடையே பாலுறவை அதிகரிப்பதில்லை எனக் காட்டுகின்றன. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் விரிவான பாலியல் கல்வி குறித்து அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது.

மௌனம் பண்பாட்டைக் காத்துவிட்டதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டோர் கர்நாடகத்தில் 21.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். பூப்பெய்துதலைத் திருமணத் தகுதியாகக் காணும் வரை பள்ளியிலிருந்து மணமேடைக்கு இழுக்கப்படும் சிறுமிகள் இருக்கவே செய்வர்.

சாமராஜநகர் மாவட்டத்தின் அனுபவம் கவனத்திற்குரியது. கன்னடர், தமிழர், சோளகர் பழங்குடியினர் சேர்ந்து வாழும் இம்மாவட்டம், 2022இல் கர்நாடக அரசின் மாதவிடாய்க் கப் வழங்கும் முன்னோட்டத் திட்டத்திற்குத் தேர்வான இரு மாவட்டங்களுள் ஒன்று. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அதைப் பயன்படுத்தத் தன் உடலமைப்பு பற்றிய அறிவு வேண்டும். தண்ணீரும் தாழ்ப்பாளுள்ள கழிப்பறையும் வேண்டும். பொருளை மட்டும் கொடுத்துவிட்டு அறிவையும் வசதியையும் மறுப்பது பாதி வேலையே.

இக்கல்வி சிறுமிகளுக்கு மட்டுமானதன்று. குரல் உடையும் வயதில், உறக்கத்தில் விந்து வெளியேறுவதை நோயென்று அஞ்சும் சிறுவனுக்குப் போலி மருத்துவரின் விளம்பரமும் கைபேசிக் காணொளியுமே ஆசான்கள். சினமும் கூச்சமும் ஈர்ப்பும் இப்பருவத்தின் இயல்பு என்று அவனுக்கு யார் சொல்வது? மறுப்பை மதிப்பதே அன்பு, துரத்துவது வன்முறை என்பதையும் கற்பிக்க வேண்டும். 18 வயது நிறையாதவருடனான பாலுறவு, விருப்பத்துடன் நிகழ்ந்தாலும், போக்சோ சட்டப்படி குற்றம். இதை வழக்குப் பதிவான பின்னரே அறியும் இளைஞனின் வாழ்வு சிறையில் தொடங்குகிறது. சாதி மீறிய காதலை முறிக்க இச்சட்டத்தை நாடும் குடும்பங்களும் உண்டு.

எனவே பணி தெளிவானது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உள்ள உறுப்பினர்கள் இக்கோரிக்கையை எழுப்ப வேண்டும்: தாய்மொழியில், வயதுக்கேற்ற பாடம், பயிற்சி பெற்ற ஆசிரியர், மனநல ஆலோசகர், பூட்டப்படாத, நீருள்ள கழிப்பறை. மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகள் பெற்றோரைச் சந்தித்து அச்சத்தைப் போக்க வேண்டும்.

அதற்கு முன், ஒவ்வொரு தோழரும் தம் வீட்டில் மகளோடும் மகனோடும் பேசத் தொடங்கட்டும். வீட்டில் தயங்கும் நாவு வீதியில் முழங்கிப் பயனில்லை.