பேசிக்கொண்டே ஓடுக
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மும்பை மாரத்தான் ஓட்டம் 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கென நம் குடியிருப்பு அன்பர் சிலரும் விடியற்காலையில் ஓடிப் பழகுகின்றனர். பல்லைக் கடித்துக்கொண்டு நாள்தோறும் ஒரே வேகம்! டிசம்பர் வருமுன் பாதிப் பேர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு அமர்ந்துவிடுகின்றனர். குறை முயற்சியில் இல்லை; வேகத்தின் அளவில் உள்ளது என்பது என் கருத்து.

செக்கோஸ்லோவாகிய வீரர் எமில் சாட்டோபெக் 400 மீட்டர் தூரத்தைத் திரும்பத் திரும்ப விரைந்தோடிப் பழகியவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். விரைவே வழியெனப் பலர் எண்ணினர். ஆனால், நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட், நெடுந்தூர ஓட்டத்தையே அடித்தளமாக்கி, விரைவைப் பின்னரே சேர்த்தார். வாரம் 100 மைல்! அவருடைய மாணாக்கர் பீட்டர் ஸ்நெல் 1960-இல் ரோமில் தங்கம் வென்றது வெறும் 800 மீட்டர் ஓட்டத்தில் என்பதுதான் வியப்பு.

மெல்ல ஓடி வந்தால், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடுகின்றது. தசைகளில் நுண்ணிய குருதிக் குழல்கள் பெருகுகின்றன. எலும்பும் தசைநாணும் மூச்சைவிடத் தாமதமாகவே வலுப்பெறும். நாள்தோறும் கடுமையாக ஓடினால் அவை தேறுவதற்கு இடமேது? எனினும், உடல் உயிர்வளியை ஏற்கும் உச்ச அளவை உயர்த்த விரைவும் சிறிது வேண்டும்.

2014-இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வொன்றில், நம் போன்ற 30 பேர் 10 வாரம் பயின்றனர். பெரும்பாலும் மெதுவாகவும் சிறிதளவு மிக விரைவாகவும் ஓடியவர்க்கு 10 கிலோமீட்டர் ஓட்ட நேரம் 5 விழுக்காடு குறைந்தது. இடைப்பட்ட வேகத்தில் மிகுதியாக ஓடியவர்க்கு 3.6 விழுக்காடு. இவ்வேறுபாடு அறுதியிட்டுரைக்கும் அளவு பெரிதன்று. ஆயினும் முறைப்பணி பார்க்கும் நமக்கு, களைப்புக் குறைந்த வழியே ஏற்றதென்பேன்.

வாரம் நான்கு நாள் ஓடுவோர், மூன்று நாள் உடன் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் ஓடலாம். ஊர்வம்பு பேசினாலும் குற்றமில்லை! ஒரு நாள் மட்டும் மூன்று நிமிடம் விரைந்தோடி, மூன்று நிமிடம் தளர்ந்து, இவ்வாறு நான்கைந்து முறை. மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஆகவே கடிகாரத்தை விட்டு மூச்சைக் கவனியுங்கள். இரவுப் பணி முடித்தவர்கள் அன்று விரைவோட்டத்தைத் தள்ளிவையுங்கள். நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குவோர் முதலில் மருத்துவரைக் கண்டு வாருங்கள்.