பழங்காசின் விலை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனும் இளங்கோவும் பேசப்பெற்ற இம்மேடையில், இரயில்வே சரக்கு அலுவலகத்துக் கணக்கனாகிய எனக்கு வாய்த்த பொருள் காசு. பழைய நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம் முதலியவற்றை விற்கும் சிறு கடைக்காரர், கைப்பேசியில் விரியும் இணையச் சந்தையை எதிரே வைத்துக்கொண்டு எவ்வாறு விலை கூறுகிறார் என்பதையே இன்று சொல்ல வந்தேன். இது பொழுதுபோக்குக்காரர் விவகாரம் என்று தள்ளிவிட வேண்டா. பெட்டியின் அடியில் பாட்டி முடிந்து வைத்த காசு முடிச்சு இல்லாத வீடு நம் குடியிருப்பில் அரிது. அம்முடிச்சை அவிழ்க்கும் நாளோ, பெரும்பாலும் பெண்ணின் திருமணமோ மருத்துவச் செலவோ நெருங்கிய நாளாகவே அமைகிறது.

அண்மையில் நம் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டா. ஓர் அம்மையாரிடம் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுகள் சில இருந்தன. ஒரு நோட்டுக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஒருவன் படம் காட்டினான். முதலில் பதிவுக் கட்டணம் கேட்டான். பிறகு வரி என்றான். பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கட்டணம் என்று முத்திரை குத்திய ஒரு கடிதத்தையும் அனுப்பினான். அம்மையார் மூன்று முறை பணம் கட்டினார். நோட்டுகள் இன்றும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. கட்டிய பணந்தான் இல்லை. இத்தகைய மோசடிகளைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4ஆம் நாளிலேயே எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டுள்ளது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தன் பெயரால் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அதில் தெளிவாகக் கூறியுள்ளது. விற்கிறவன் பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் எங்கே உண்டு?

அந்த அம்மையார் அதற்கு முன்பு கோட்டைப் பகுதியில் ஒரு கடைக்காரரிடமும் அதே நோட்டுகளைக் காட்டியிருக்கிறார். கடைக்காரர், “அம்மா, இதைக் காய்கறிக் கடையில் கொடுங்கள், 5 ரூபாய்க்குச் செல்லும்” என்றாராம். உண்மை சொன்னவர் திருடராகவும், திருடன் உத்தமனாகவும் தோன்றியதற்குக் காரணம் ஒன்றுதான். கைப்பேசியில் எழுதியிருப்பது விலை என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அது விலை அன்று; ஆசை. எவர் வேண்டுமானாலும் ஒரு காசைப் படம் பிடித்து, பக்கத்தில் ஒரு இலட்சம் என்று எழுதிவிடலாம். எழுதுவதற்குச் செலவில்லை. வாங்குவார் ஒருவர் பணத்தை எண்ணி வைத்த பிறகே அது விலையாகும். ஆகவே, விவரம் அறிந்த கடைக்காரர் கேட்கும் தொகைகளை ஏறெடுத்தும் பாரார். விற்று முடிந்த தொகைகளையே பார்ப்பார். ஈபே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் அதன் வெளிநாட்டுத் தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. அதிலும் பேரம் பேசி முடிந்த இடங்களில் உண்மையில் கைமாறிய தொகை தெரியாது. அது காட்டிய தொகையினும் குறைவு என்பது மட்டும் தெரியும். மும்பையிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் ஒவ்வொரு ஏலத்துக்குப் பின்பும் முடிந்த விலைகளை வெளியிடுகின்றன. கடைக்காரரின் கல்லாப்பெட்டிக்கு அருகே அவ்வேலப் புத்தகங்கள் மடங்கிக் கசங்கிக் கிடப்பதைக் காணலாம்.

விற்று முடிந்த விலை தெரிந்த பிறகும், அதை அப்படியே கடைக்காரர் ஏன் தருவதில்லை? இங்கேதான் நம்மவர் கோபம் கொள்கின்றனர். ஒரு கணக்குக்காக, ஒரு தபால்தலை இணையத்தில் 1000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷனும் பணப் பட்டுவாடாச் செலவும் 150 என்க. அட்டைப் பெட்டி, விரைவு அஞ்சல் எல்லாம் 100. வழியில் காணாமற் போவது, “படத்தில் இருந்தது போல் இல்லை” என்று திரும்பி வருவது ஆகிய இழப்புகளுக்காக உருப்படிக்கு 50. மிஞ்சுவது 700. இந்த 700க்கு மேல் எது கிடைத்தாலும், கடைக்காரருக்கு நேரில் விற்பது இலாபம். வாங்குகிறவருக்கோ, 1000க்குக் கீழே எது ஆனாலும் இலாபம். இடையே உள்ள 300 ரூபாயைப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் பேரம். அவர் 900 என்பார், நீங்கள் 750 என்பீர்கள், 800இல் முடியும். கடை விலை இணைய விலையைவிடச் சற்றுக் குறைந்திருப்பது தருமத்தினால் அன்று, இக்கணக்கினாலேயே.

அதே தலையை நாம் விற்கப் போனால் அவர் 450 அல்லது 500 தருவார். இதில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு நியாயம் உண்டு. குறித்த நேரத்துக்குள் இறக்கப்படாத வண்டிக்கு டெமரேஜ் ஏறுவது போல, விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு காசுக்கும் கடையில் டெமரேஜ் ஏறுகிறது. வாடகை, மின்சாரம், முடங்கிய முதலுக்கு வட்டி எல்லாம் அதன் தலையிலேயே விழும். நாளையே விற்கக்கூடிய பொருளுக்கு நல்ல விலை தருகிறார். இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடத் தயங்கித் தருகிறார். நாமே இணையத்தில் விற்று அந்த 700ஐயும் பெறலாமே என்றால், பெறலாம். படம் பிடித்து, கேள்விக்கெல்லாம் விடை எழுதி, முகம் அறியாதவர் நம்மை நம்பும் வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பொறுமை எவருக்கு உண்டு?

வெள்ளி ரூபாய்களின் கணக்கு வேறு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த ரூபாய் ஒரு தோலா எடை, அஃதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.7 பங்கு வெள்ளி. ஆக, ஒவ்வொன்றிலும் சுமார் 10.7 கிராம் தூய வெள்ளி உண்டு. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அந்த ரூபாயில் 5.83 கிராம்தான். 1947ஆம் ஆண்டு ரூபாயோ நிக்கல். அதில் வெள்ளி அறவே இல்லை. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வரும் தொகையே இக்காசுகளுக்கு அடிமட்டம். அதற்குக் கீழே கேட்கிறவரிடம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். மேலே எவ்வளவு என்பது ஆண்டையும் நிலையையும் பொறுத்தது. 1939 என்று பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிக அரிது. அரிதாக இருப்பதாலேயே அதில் போலிகளும் மிகுதி. முடிச்சை அப்படியே தராசில் கொட்ட எவரையும் விடாதீர்கள். முதலில் வீட்டிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு காசின் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். கடைக்காரர்கள் அனைவரும் அரிச்சந்திரர்கள் என்று நான் கூற வரவில்லை. தாளோடு வருகிறவரிடம் அவர்கள் பேசும் பேச்சே வேறாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை பூசைக்காக வெள்ளிக் காசைத் திருநீறு இட்டும், செப்புக் காசைப் புளி இட்டும் தேய்ப்பது நம் வழக்கம். அது பளபளக்கும், ஆனால் சேகரிப்போர் கண்ணுக்கு அது தோலுரித்த காசு. காலத்தால் படிந்த நிறம் போனால் விலையும் போகும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த ரூபாயும் அவ்வாறே; அதற்கு வெள்ளி எடை விலைதான். பூசைக்கு உரியதைப் பூசைக்கே வைத்துக்கொள்க. விற்க எண்ணியதைத் தேய்க்காதீர்கள்.

டாலர் விலையைப் பார்த்து மயங்குவோருக்கும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம். ஆகவே விக்டோரியா ரூபாய்க்கு இலண்டனில் என்ன விலையாயினும் நமக்கு அது வேற்றூர்ச் சந்தை. மும்பைக் கடைக்காரர் மும்பை விலையைச் சொல்வது நம்மை ஏய்ப்பதற்காக அன்று.

மற்றொரு வகை உண்டு. ஒரு புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும், மறுபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த செப்புக் காசுகள். இவற்றைக் கம்பெனி அச்சடித்ததே இல்லை. பிற்காலத்தில் எவரோ செய்து கோயில் வாசல்களில் விற்றவை. இவை அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தவை என்று கூறிச் சொத்தையே அழித்துக்கொண்டவர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. கடைக்காரர் இவற்றை ஒரு தட்டில் குவித்து, கையில் எடுத்த விலைக்குத் தருகிறார். இணையத்திலோ அவற்றுக்கு இலட்சங்கள் எழுதியிருக்கிறார்கள்.

தட்டு என்றதும் நினைவு வருகிறது. சிறு கடைக்குத் தனியரசு செலுத்த இன்றும் ஓரிடம் உண்டு. அது இந்தத் தட்டுதான். இருபது ரூபாய்ப் பொருளுக்கு அஞ்சல் செலவு அதைவிட மிகுதி. ஆகவே இணையம் அங்கே போட்டிக்கு வர இயலாது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள், 1957 ஏப்ரல் முதல் நாள் வந்த நயா பைசாக்கள், கழித்துக்கட்டிய 25 பைசா எல்லாம் தட்டிலேதான் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்காக 2010ஆம் ஆண்டுப் பொறிப்புடன் வந்த 5 ரூபாய்க் காசும் சில வேளை அதில் அகப்படும். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக இதைவிடச் சிறந்தது எது? நான் சோர் பஜாரில் ஒரு ஞாயிறு முழுவதும் ஒரே தட்டைக் கிளறி 160 ரூபாய் செலவழித்தேன். வீட்டில் கேட்டதற்குக் காய்கறி விலை ஏறிவிட்டது என்றேன்.

அத்தட்டில் நம் இரயில்வே அட்டைச் சீட்டுகளும் கிடக்கின்றன. தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கில நிலைய அதிபர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அந்தச் சிறு அட்டையை நம்மில் பலர் ஆயிரக்கணக்கில் தேதி குத்திக் கொடுத்திருக்கிறோம். இன்று அது சேகரிப்புப் பொருள். சீட்டு பற்றிக் கவலையில்லை. ஆனால் பித்தளை விளக்கு, மணி, துறையின் முத்திரை பொறித்த கடிகாரம் முதலியவை வீட்டில் இருப்போர், இணைய விலையைக் கண்டு உடனே படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். 1966ஆம் ஆண்டின் இரயில்வே சொத்து சட்டவிரோத உடைமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அப்பொருள் துறையின் ஏலத்தில் வாங்கியது என்பதற்கான இரசீது இருந்தால் கடைக்காரர் முழு விலை பேசுவார். இல்லையேல் கையை எடுத்துவிடுவார், அல்லது ஆபத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். இணையமோ இரசீது கேட்பதில்லை. படத்தைப் பார்த்து இரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்தால் அவர்கள்தாம் கேட்பார்கள். தாத்தாவின் ஏல இரசீது பெட்டியில் எங்கேனும் இருக்கும். விளக்கைத் துடைக்கும் முன் அதைத் தேடுங்கள்.

பிள்ளைகளின் நாடகத்துக்குத் திரை கட்டி முடிந்ததாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். காசு முடிச்சோடு வந்திருக்கும் அன்பர்கள் நாடகம் முடிந்த பின் நூலக அறைக்கு வருக. ஆண்டுகளை எழுதிக்கொள்ளத் தாளும் பெரிதாக்கும் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன்.