அதிகாலை நாலரை மணி விமானம்



லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மிக அருகில் மிர்ட்டில் அவென்யூ என்றொரு தெரு இருக்கிறது. அதன் கோடியில் ஒரு புல்வெளி. தெற்கு ஓடுபாதையில் இறங்க வரும் விமானங்கள் சக்கரங்களை நீட்டிக்கொண்டு, கூரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு அங்கே தாழப் பறக்கின்றன. விமானப் பிரியர்கள் கேமராவும் கையுமாக வந்து அந்தப் புல்வெளியில் காத்திருப்பார்கள். படம் பிடித்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்? பரபரப்பான நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் அவர்கள் தலைக்கு மேல் இறங்குகிறது.

இந்த இரைச்சலை எப்படி அளப்பது, எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளச் சொல்வது, யாரைப் பாதிக்கப்பட்டவர் என்று கணக்கில் சேர்ப்பது என்று பிரிட்டிஷ் அரசு பல பத்தாண்டுகளாகக் கொள்கை வகுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கொள்கைகள் இரைச்சலைக் கணக்கிட்ட அளவுக்கு மனிதரின் உறக்கத்தைக் காக்கவில்லை. இன்று இந்த மேடையில் பேசப்பட வேண்டியது அதுதான்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். பக்கத்து வீட்டுக்காரர் இரவெல்லாம் பேரிரைச்சலோடு இயந்திரம் ஓட்டினால் நீதிமன்றம் போகலாம். விமானம் என்றால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. நியாயமான உயரத்தில், விதிகளின்படி ஒரு விமானம் பறந்தால், அப்படிப் பறந்ததற்காக மட்டும் தொல்லை என்றோ அத்துமீறல் என்றோ அதன்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1920இலேயே பிரிட்டிஷ் சட்டம் சொல்லிவிட்டது. துணியும் மரச்சட்டமுமாக விமானங்கள் பறந்த காலம் அது. ஜெட் விமானங்கள் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், 1982இன் சட்டத்தில் 76ஆம் பிரிவாக அதே பாதுகாப்பு விமானங்களுக்குத் தொடர்ந்தது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்ததையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்பி என்ற கோழிப் பண்ணைக்காரர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ விமானங்கள் அவருடைய நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில், வீட்டுக் கூரைக்கு மேலே வெறும் 67 அடி உயரத்தில் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள் போய், பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. அவர் அரசின் மீது வழக்குப் போட்டார். ஒருவருடைய நிலத்தைப் பயன்படுத்த முடியாதபடி அதன் மேலே பறப்பது அந்த நிலத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம், அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 1946இல்தான் ஹீத்ரோ பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் அக்கம்பக்கத்தாருக்கு அப்படியொரு வழி கிடைக்கவில்லை. அரசு மனம்வைத்துத் தரும் கட்டுப்பாடுதான் அவர்களுக்கு மிஞ்சியது.

அந்தக் கட்டுப்பாடு எதன்மேல் நிற்கிறது? ஓர் எண்ணின்மேல் நிற்கிறது. 1961இல் ஹீத்ரோவைச் சுற்றி வீடு வீடாக நடத்திய ஆய்வை வைத்து, அரசு அமைத்த வில்சன் குழு 1963இல் ஓர் அளவுகோலை உருவாக்கியது. 1990இல் அது மாற்றப்பட்டு, காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரையிலான 16 மணி நேரத்தின் சராசரி இரைச்சல் அளவுகோலாயிற்று. 57 டெசிபலைத் தொட்டால்தான் குறிப்பிடத்தக்க தொல்லை தொடங்குகிறது என்று கோடு கிழித்தார்கள்.

இந்தச் சராசரிக்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே அளவு சத்தம் போடும் விமானங்கள் நாளுக்கு 300 பறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை 600 ஆக்கினால் சராசரி எவ்வளவு கூடும்? 3 டெசிபல்தான். அப்படியே திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு விமானத்தின் சத்தமும் 3 டெசிபல் குறைந்தால், விமானங்களின் எண்ணிக்கையை இரு மடங்காக்கிவிட்டு ‘இரைச்சல் கூடவேயில்லை’ என்று அறிக்கை எழுதலாம். வரைபடத்தில் கோடு அசையாது. கீழே இருப்பவரின் பேச்சு 300 முறை தடைபட்ட இடத்தில் 600 முறை தடைபடும்.

இந்தக் கோடு தவறான இடத்தில் இருக்கிறது என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார்கள். 2014இல் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் அதிகாரிகளே அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. முன்பு 57 டெசிபலில் மக்கள் அடைந்த எரிச்சலை இப்போது 54 டெசிபலிலேயே அடைகிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் அரசின் பட்டியலில் தொல்லைப்பட்டவர்களே அல்ல. மாலைக்கும் இரவுக்கும் கூடுதல் எடை தரும் ஐரோப்பிய அளவுகோலின்படி எண்ணினால், 2011இல் ஹீத்ரோவைச் சுற்றி 55 டெசிபலுக்கு மேற்பட்ட பகுதியில் வாழ்ந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

எரிச்சல்தானே, பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் பதில் சொல்லியிருக்கிறது. ஹீத்ரோவைச் சுற்றி வாழும் 36 லட்சம் பேரின் தரவுகளை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரைச்சல் மிகுந்த பகுதிகளில் பக்கவாதமும் இதய நோயும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கான வழிகாட்டுதலில் விமான இரைச்சல் இரவில் 40 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

குழந்தைகள் என்ன ஆகிறார்கள் தெரியுமா? ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல், மாட்ரிட்டின் பராஹாஸ் ஆகிய மூன்று விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 2,844 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் லான்செட் இதழில் வெளியானது. இரைச்சல் ஏற ஏறப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் இறங்கியது. பிரிட்டனில் 5 டெசிபல் கூடினால் வாசிப்பில் ஏறக்குறைய இரண்டு மாதப் பின்னடைவு.

ஏழ்மையால் வந்த பின்னடைவாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் விடை தந்தது. அங்கே 1992இல் பழைய விமான நிலையத்தை மூடி, வேறோர் இடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆய்வாளர்கள் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். பழைய இடத்தில் விமானம் நின்றதும் நினைவாற்றலும் வாசிப்பும் மேலேறின. புதிய இடத்தில் இரண்டும் கீழிறங்கின.

ஹீத்ரோவை அடுத்த ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளி. அதன் விளையாட்டு மைதானத்தில் மண்ணை மூட்டைகளில் நிரப்பி, வளையம் வளையமாக அடுக்கிப் பூசி, குவிமாடங்கள் கட்டியிருக்கிறார்கள். தடித்த மண் சுவர் சத்தத்தை மட்டுப்படுத்தும். ஆசிரியர் சொல்வது காதில் விழ வேண்டுமானால் பிள்ளைகள் அதற்குள் போய் உட்கார வேண்டும். திறந்தவெளியில் கதை கேட்க வேண்டிய வயது அது!

இப்போது இரவுக்கு வருவோம். 1993இல் அரசு இரவு விமானங்களுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அதிகச் சத்தம் போடும் விமானத்துக்கு அதிகப் புள்ளி. மொத்தப் புள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு. எத்தனை விமானம் என்ற எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பில்லை. ரிச்மண்ட் முதலான உள்ளாட்சி மன்றங்கள் அரசின் அந்த முறையை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போயின. எண்ணிக்கையைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை விட்டுவிட முடியாது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்புச் சொன்னது. புள்ளிகளோடு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது.

குடியிருப்பவர்கள் எட்டுப் பேர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். ஹாட்டன் வழக்கு என்று பெயர். இல்லத்திலும் குடும்பத்திலும் அமைதியாக வாழும் உரிமை மீறப்பட்டது என்று 2001இல் தீர்ப்பு வந்தது. அரசு விடவில்லை. 2003இல் பெரும் அமர்வு அந்தத் தீர்ப்பை 12க்கு 5 என்று மாற்றியது. நாட்டின் பொருளாதார நலனையும் மக்களின் உரிமையையும் எடைபோடுவதில் அரசுக்கு இடம் தர வேண்டும் என்றது. ஆனால் அதே அமர்வு இன்னொன்றையும் சொன்னது: இந்த மக்கள் தங்கள் குறையை முறையாக விசாரிக்கச் செய்ய பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் தக்க வழி இருக்கவில்லை, அது உரிமை மீறலே. இதற்கு 16 நீதிபதிகள் உடன்பட்டார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார்.

ஹீத்ரோவின் இரவு வரம்பு என்று நிலைத்த எண் ஆண்டுக்கு 5,800 விமானங்கள். சராசரியாக ஓர் இரவுக்கு 16. பெரும்பாலானவை கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து, அதிகாலை நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே இறங்குபவை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் விழித்தவர் திரும்பத் தூங்குவது எப்போது, வேலைக்குக் கிளம்புவது எப்போது?

வாக்குறுதிகளுக்குக் குறைவே இல்லை. ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்துக்கு 2001இல் ஒப்புதல் தந்தபோது ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள் என்ற உச்சவரம்பைப் போட்டார்கள். இரண்டே ஆண்டில், 2003இன் வெள்ளை அறிக்கையில், மூன்றாவது ஓடுபாதைக்கு அரசு ஆதரவு தெரிவித்தது. இரைச்சலைக் கவனிக்க 2019இல் தன்னாட்சி ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். 2021இல் அதையும் மூடிவிட்டார்கள். 2025 ஜனவரியில் நிதியமைச்சர் மூன்றாவது ஓடுபாதையை மீண்டும் முன்வைத்தார்.

அந்த ஓடுபாதைக்காக 2018இல் நாடாளுமன்றம் 415க்கு 119 என்று நிறைவேற்றிய கொள்கை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. விரிவாக்கம் நடந்தால், இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே ஆறரை மணி நேரம் அட்டவணை விமானங்கள் பறக்கத் தடை வர வேண்டும் என்கிறது அந்த வரி. அப்படியானால் விமானமில்லாத ஆறரை மணி நேரம் நடக்கக்கூடிய காரியம் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகு ஏன் அதற்கு விலையாக ஆண்டுக்கு 2,60,000 கூடுதல் விமானங்களை மக்கள் சுமக்க வேண்டும்?

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. அந்த ஆறரை மணி நேரத்தை, ஓடுபாதை வந்தாலும் வராவிட்டாலும், இப்போதே சட்டமாக்க வேண்டும். சராசரியோடு நில்லாமல், ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இரவில் எத்தனை விமானம் கடந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தம் போட்டது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூடிய ஆணையத்தை மீண்டும் திறந்து, அளவுகோலை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அதற்குச் சட்டப்படி தர வேண்டும். அடுத்த இரவு விமான விதிகளின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, ஹவுன்ஸ்லோவிலிருந்தும் ரிச்மண்டிலிருந்தும் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்த மூன்றும் இருக்கட்டும்.